ஓரத்தில் எழுதியிருந்த கல்யாணம்

“எத்தினி வாட்டிடி சொல்றது? தானே புயல்ல போச்சு. எல்லாம் போச்சு.”

“தானே புயல்ல நம்ம வூட்டுக்குள்ள தண்ணியே வரல பப்பா. நாம மாடியில இருந்தோம்.”

“ஜன்னல் ஒடஞ்சுதுல்ல? அந்த வழியா வந்துச்சு.”

“வந்து உங்க பேப்பர மட்டும் எடுத்துக்கினு போச்சா? அத்ரியான் ஃபைலும் அதே பீரோலதான இருந்துச்சு, அது மட்டும் எப்படி நனையல?”

பப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே இன்னொரு முறை துடைத்தார்.

ஏப்ரல் மாதம் முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். நான் கேட்டது ஒரே ஒரு காகிதம், பப்பாவின் பிறப்புப் பதிவின் முழு நகல். கேட்டது நான்கூட இல்லை, பாரிஸ் கோர்ட். என் பப்பா ரேமோன் பிறவியிலேயே பிரெஞ்சுக் குடிமகன். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அறுபத்திரண்டில் ‘நாங்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே இருக்கிறோம்’ என்று கையெழுத்துப் போட்ட குடும்பம் அவருடையது. தம்பி அத்ரியானுக்கு ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே எல்லாக் காகிதமும் வந்துவிட்டது. இப்போது பிரான்சில், லியோன் நகரத்தில் படிக்கிறான். அவனைவிட நான்கு வயது பெரியவளான எனக்கு ஒன்றும் இல்லை. என் பெயர் கரீன், வீடு மூலக்குளம், கையில் ஆதார் அட்டை. அவ்வளவுதான்.

ஏன் எனக்கு மட்டும் இல்லை என்று கேட்டால், “அப்போ அலைய முடியல, அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்” என்பார். நானும் நம்பினேன். எனக்கு பிரான்ஸ் தேவைப்படாதவரை நம்புவது சுலபமாக இருந்தது.

இப்போது தேவைப்படுகிறது. நான் அரியாங்குப்பம் ஆற்றோரம் ஒரு படகுப் பட்டறையில் வேலை செய்கிறேன். உடைந்த ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடும் வேலை. பிரான்சின் மேற்குக் கரையில் மரப்படகு கட்டுவதற்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. நான் கட்டிய மூன்றடி மாதிரிப் படகின் படங்களைப் பார்த்துவிட்டு செப்டம்பருக்கு எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். தினமும் பாதி நேரம் வகுப்பு, பாதி நேரம் நிஜமான படகு! பலகையை ஆவியில் வேகவைத்து வளைப்பார்களாம். அந்தப் பேச்சை ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் இங்கேயே நிறுத்துகிறேன். சம்பளத்தோடு வேலை செய்து படிக்கும் படிப்பு என்பதால், அந்த நாட்டில் வாழவும் வேலை செய்யவும் உரிமை உண்டு என்று சான்று காட்ட வேண்டும். விசாவுக்கு எழுதிக்கொடுப்பவரிடம் போனேன். “அப்பா பிரெஞ்சுன்னா நீயும் பிரெஞ்சுதாம்மா, உனக்கு எதுக்கு விசா? நேஷனாலிட்டி சர்டிபிகேட் வாங்கு” என்று அனுப்பிவிட்டார்.

பாரிஸுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து பதில் வந்தது. இரண்டு காகிதம் குறைகிறதாம். ஒன்று, பப்பாவின் பிறப்புப் பதிவு. இரண்டாவது, நான் அவருடைய மகள் என்பதை எனக்குப் பதினெட்டு முடிவதற்குள் சட்டப்படி நிறுவிய காகிதம். நான் பிறப்பதற்கு முன்பே பப்பாவும் அம்மாவும் மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், பதிவு செய்திருந்தால் அந்தக் கல்யாணச் சான்றே போதும். ஜூன் முப்பதுக்குள் அனுப்பாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள்.

இரண்டாவதில் சிக்கல் இருப்பது எனக்கே தெரியும். திருக்காஞ்சி கோயிலில் அம்மா கழுத்தில் பப்பா தாலி கட்டியது 2000 ஜூன் பதினொன்று. வருஷா வருஷம் கேக் வெட்டுவது அந்தத் தேதியில்தான். நான் பிறந்தது 2001 மே. ஆனால் மேரியில் அவர்கள் கையெழுத்துப் போட்டது 2003-ல். எங்கள் ஊரில் இது அதிசயம் இல்லை. தாலி ஒரு நாள், மேரி கையெழுத்து இன்னொரு நாள். ஊரும் உறவும் கூடிச் சாப்பிட்டதுதான் கல்யாணம். மேரிக்குப் போவது ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போவது மாதிரி, லீவு கிடைக்கும்போது போவார்கள். பப்பா சோம்பேறித்தனமாகத் தள்ளிப் போட்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் காகித விஷயத்தில் பப்பா சோம்பேறியே இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது. மூலக்குளத்தில் பாதிப் பேருக்கு பிரெஞ்சுப் பாரம் நிரப்பிக் கொடுப்பவரே அவர்தான். ராணுவப் பென்ஷன்காரர்களின் விதவைகள் காலையிலேயே காப்பி நேரத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். “மிஸ்யே ரேமோன், இந்த வருஷம் உயிரோட இருக்கேன்னு எழுதிக் குடுங்க” என்று ராஜாம்பாள் அம்மா கேட்பார். “போன வருஷம் மாதிரியேவா, இல்ல கொஞ்சம் கூடுதலாவா?” என்பார் பப்பா. ஊருக்கே கமா தப்பாமல் எழுதும் மனிதர், சொந்த மகளின் கோப்பு என்றால் மட்டும் கண்ணாடியைத் துடைக்கிறார்.

எனக்குப் பொறுமை கிடையாது. வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக்காரர்களின் பதிவுகளெல்லாம் பிரான்சில் நான்த் என்ற ஊரில் இருக்கின்றன, மகள் கேட்டாலும் கொடுப்பார்கள் என்று தேடிப் பிடித்தேன். போனிலேயே மனு போட்டேன். பப்பா கண்ணில் படக்கூடாது என்று பட்டறை முகவரியைக் கொடுத்தேன்.

ஜூன் பதினாறாம் தேதி கவர் வந்தது. கையெல்லாம் பிசின். பல்லால் கிழித்தேன்.

“இன்னாமா, லவ் லெட்டரா?” என்றார் பட்டறைக்காரர் கோபிநாத்.

“இல்லண்ணா, எங்க பப்பா பொறந்துட்டாராம்.”

“வாழ்த்துகள். ஸ்வீட்டு எங்க?”

சிரித்துக்கொண்டேதான் படித்தேன். பெயர், தேதி, தாத்தா பெயர், எல்லாம் சரி. பிரெஞ்சுப் பிறப்புப் பதிவில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தின் ஓரத்தில் அந்த ஆளின் கல்யாணம், விவாகரத்து, சாவு எல்லாவற்றையும் பிற்பாடு குறித்துக்கொண்டே வருவார்கள். பப்பாவின் ஓரத்தில் ஒரு வரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மூன்று இருந்தன.

1998 பிப்ரவரியில் புதுச்சேரியில் திருமணம், ஜொசியானுடன். 2002 நவம்பரில் விவாகரத்து. 2003 பிப்ரவரியில் திருமணம், துர்காவுடன்.

துர்கா என் அம்மா. ஜொசியான் எங்கள் ஜொசி அத்தை.

கூடப் பிறந்த அத்தை இல்லை. பப்பாவின் பள்ளிக்கூட நண்பர் பிரூனோவின் தங்கை. பிரூனோ இறந்து பத்து வருஷம் ஆகிறது. அத்தை லியோனில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஸ்வெட்டர் அனுப்புவார், இந்த வெயிலில் அதை எங்கே போடுவது என்று அம்மா திட்டுவாள். அத்ரியான் தங்கிப் படிப்பதே அவர் வீட்டில்தான். அவர் பப்பாவின் மனைவியா? அதுவும் நான் பிறந்தபோது?

“முகம் இன்னாமா இப்டி ஆயிடுச்சு?” என்றார் கோபிநாத் அண்ணன்.

“ஒண்ணுமில்லண்ணா. சீக்கிரம் வூட்டுக்குப் போறேன்.”

ஆற்றுப் பாலத்தில் வண்டி எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியாது. இந்திரா காந்தி சிலை சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரித்தார். நானும் அதைத்தானே விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

வீட்டில் பப்பா யாருக்கோ பாரம் நிரப்பிக்கொண்டிருந்தார். நகலை அந்தப் பாரத்தின் மேல் வைத்தேன்.

“இது புயல்ல போவல பப்பா. நான்த்ல பத்திரமா இருக்கு.”

அவர் ஓரத்தை மட்டும் பார்த்தார். மற்றதைப் படிக்கவே இல்லை. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, “துர்கா, கொஞ்சம் வா” என்றார்.

அம்மா கையில் கத்தரிக்காயோடு வந்தாள். பார்த்தாள். “தெரிஞ்சுடுச்சா?” என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னாரு. மேரில ஒரு கையெழுத்து இருக்குது, அது கல்யாணம் இல்லன்னு. எங்கப்பா ஒரே கேள்விதான் கேட்டாரு, தாலி கட்டுனியான்னு. இல்லன்னாரு. அப்ப சரின்னுட்டாரு.”

“சட்டப்படி அதான்மா கல்யாணம்! நீதான் ரெண்டாவது!”

“அடிங்க. யாரு ரெண்டாவது? அது கையெழுத்துடி. இது கல்யாணம். அறுநூறு பேரு சாப்ட்டாங்க.”

பப்பா மெதுவாகச் சொன்னார். பிரூனோவின் அப்பா அறுபத்திரண்டில் கையெழுத்துப் போடாதவர். அதனால் பெயர்தான் பிரெஞ்சு, ஆட்கள் இந்தியர்கள். ஜொசியானுக்கு இருபத்தோரு வயதில், குடிகாரன் ஒருவனுக்குக் கட்டிவைக்க வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். பிரூனோ பப்பாவிடம் வந்து, ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடு, அவள் பிரான்சுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று கேட்டிருக்கிறார்.

“ஒரு பைசா வாங்கல கரீன். காசு வாங்கிக்கினு பண்ணவங்க உண்டு. நான் வாங்கல. நண்பன் கேட்டான், போட்டேன். கூடவே போயி எட்டு மாசம் அங்க ஒரு குடோன்ல மூட்டை தூக்குனேன். திரும்பி வந்தேன், உங்கம்மாவப் பாத்தேன்.”

“சரி, பாத்தீங்க. அப்பவே விவாகரத்து பண்ணிருக்கலாம்ல?”

“அவளுக்கு நேஷனாலிட்டி வரணும்ல? ரெண்டாயிரம் நவம்பர்லதான் கடைசிக் கையெழுத்து. ரெண்டு பேரும் ஒரே வூட்ல சேந்து வாழறோம்னு. அதுக்கு ரெண்டு வாரம் போயிட்டு வந்தேன்.”

“நான் அப்போ மூணு மாசம்” என்றாள் அம்மா. “இங்க வாந்தி எடுத்துக்கினு கெடந்தேன். தொரை அங்க சேந்து வாழ்ந்துக்கினு இருந்தாரு.”

“துர்கா...”

“சொல்லக்கூடாதா? இருபத்தஞ்சு வருஷமா சொல்லாமதான இருந்தேன்.”

நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். நவம்பரில் ஜொசி அத்தையோடு வாழ்வதாகக் கையெழுத்து. மே மாதம் மூலக்குளத்தில் நான். பாரிஸ் கோர்ட்டில் இருப்பவர்களுக்கும் விரல்கள் இருக்கும்.

“அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லியா? நான் உங்க பொண்ணுன்னு எந்தப் பேப்பரும் கெடையாதா?”

பப்பா எழுந்து போனார். பீரோ திறக்கும் சத்தம். அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். புயலில் போனதாகச் சொன்ன எல்லாம் அதில் இருந்தன. மேலே ஒற்றைத் தாள். 2001 மே ஏழாம் தேதி, நான் பிறந்த நான்காம் நாள், ரேமோன் மேரிக்குப் போய், துர்கா பெற்ற கரீன் என்ற பெண்குழந்தை என்னுடையது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முத்திரை, பதிவு எண், எல்லாம் இருக்கிறது.

“அப்போ மேரில சக்கரபாணின்னு ஒரு கிளார்க் இருந்தாரு” என்றார் பப்பா. “அவர்தான் சொன்னாரு. உன் பொண்டாட்டின்னு புக்குல வேற பேரு இருக்குது, இந்தக் கொழந்தைக்கு நீ தனியா வந்து சொல்லலன்னா நாளைக்கு அதுக்கு அப்பன் இல்லன்னு. ஓடிப் போயி போட்டேன்.”

பாரிஸ் கோர்ட் கேட்ட இரண்டாவது காகிதம் இதுதான். இத்தனை வருஷமும் நான் தூங்கும் அறையிலேயே, புடவைக்கு அடியில் இருந்திருக்கிறது.

“இத வெச்சுக்கினா என்னைய அலைய வுட்டீங்க?”

“அத குடுத்தா ஜொசி மாட்டிப்பா. சேந்து வாழறோம்னு சொல்லிட்டு நான் இங்க கொழந்தை பெத்துருக்கேன்னு தெரிஞ்சா, பொய் சொல்லி வாங்குன நேஷனாலிட்டின்னு கேஸ் போடுவாங்க. இத்தினி வருஷம் ஆயிடுச்சேன்னெல்லாம் வுட மாட்டாங்க. அவங்களுக்கு எப்போ தெரியுதோ அப்போலேர்ந்துதான் கணக்கு. ரெண்டு வருஷம் போவட்டும், அப்புறம் செஞ்சிடலாம்னு நெனைச்சேன். அப்புறம் இன்னும் ரெண்டு வருஷம்...”

“நான் உங்க பொண்ணு. அவங்க நண்பனோட தங்கச்சி.”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் அவங்கள எடுத்தீங்க.”

பப்பா கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டே அழுதார். அம்மா கத்தரிக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பட்டறையில் ஒட்டிய இடத்தையே திரும்பத் திரும்ப உரசி ஓட்டை போட்டேன். கோபிநாத் அண்ணன் என்னை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார், திரும்ப வந்ததும் இன்னொரு டீ வாங்கிவரச் சொன்னார். மூன்றாம் நாள் மதியம் மணல்மேட்டில் உட்கார்ந்து ஜொசி அத்தைக்கு வீடியோ கால் போட்டேன்.

“கரீன் குட்டி! என்னடா இந்த நேரத்துல? சாப்ட்டியா?”

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முகம் திரையில் உறைந்த மாதிரி இருந்தது. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

“உனக்கு அந்தப் பேப்பர் குடுக்கலியா அவரு?” என்றார் கடைசியில். “உனக்கு எல்லாம் ஆயிடுச்சுன்னுதான சொன்னாரு. படிக்கப் புடிக்கல, அதான் அவ ஊர்லயே இருக்கான்னு சொன்னாரு.”

“இல்லத்தை.”

“அனுப்புடி. இன்னைக்கே அனுப்பு.”

“உங்களுக்கு...”

“எனக்கு என்ன? இருவத்தாறு வருஷம் இந்த ஊர்ல ஆபீஸ் ஆபீஸா தரை தொடச்சிருக்கேன். வரி கட்டிருக்கேன். வந்து கேட்டா சொல்றேன். நீ அனுப்பு.”

குரல் ஆடவே இல்லை. பாத்திரம் கழுவும்போது பேசுகிற சாதாரணக் குரல். என் மேலிருந்து யாரோ ஒரு படகை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பட்டறைக்குள் ஓடினேன். “அண்ணா, ஸ்வீட்டு வாங்கித் தரேன்!” என்று கத்தினேன். நேராகப் போய்க் கூரியர் கவர் வாங்கினேன். பாரிஸ் முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். மூன்று நாளாகப் பையிலேயே வைத்திருந்த நகல், தாள், இரண்டையும் உள்ளே வைத்தேன். கவரை ஒட்டப் போகும்போது போன் அடித்தது.

மரி-லோர். ஜொசி அத்தையின் மகள், என்னைவிட இரண்டு வயது சின்னவள், நர்ஸ். அத்தை அங்கே பிற்பாடு ஒருவரைக் கல்யாணம் செய்து பெற்ற பெண். எங்கள் இருவருக்கும் வாட்ஸ்அப்பில் பூனைப் படம் அனுப்புவதற்கு மேல் பழக்கம் இல்லை.

“அக்கா, அம்மா உங்ககிட்ட பேசுனத நான் கேட்டேன்.” பிரெஞ்சு வாடை அடிக்கும் தமிழ். “அப்பவேர்ந்து பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து வுட்டுட்டு உக்காந்திருக்காங்க. வெளிய வர மாட்டேங்கிறாங்க.”

“மரி...”

“என் பப்பாவுக்கு பிரெஞ்சு பேப்பர் கெடையாது அக்கா. நான் பிரெஞ்சுன்னா அது அம்மாவாலதான். அம்மாவோடத எடுத்தா என்னோடது என்னாவும்? எனக்குத் தெரியல. ஆஸ்பத்திரி வேலை பெர்மனன்ட் ஆயி மூணு மாசம்தான் ஆவுது. ஒரு வக்கீலப் பாக்கணும். ரெண்டு மாசம் டைம் குடுங்க. உங்க பேப்பர் உங்க உரிமைதான், நான் இல்லன்னு சொல்லல. ரெண்டே மாசம்.”

“எனக்கு ஜூன் முப்பதுக்குள்ள அனுப்பணும்டி. செப்டம்பர்ல கிளாஸ்.”

“தெரியும்” என்றாள். அதே ‘தெரியும்’, பப்பா சொன்ன அதே மாதிரி.

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். படவும் செய்தேன், அவள் மேல் இல்லை. எனக்காக ஒருத்தி மாட்டிக்கொள்ளக்கூடாது, அவளுக்காக நான் காத்திருக்கக்கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்கிற வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனேன். பப்பா எதிரில் போய் உட்கார்ந்தேன். “ஒரு லெட்டர் எழுதணும். நீங்கதான் நல்லா எழுதுவீங்க” என்றேன். அவர் பேனாவை எடுத்தார். எனக்கு இன்னும் இரண்டு மாதம் அவகாசம் வேண்டும், குடும்பக் காகிதம் ஒன்று கிடைக்கத் தாமதமாகிறது என்று பாரிஸுக்கு எழுதினோம். பள்ளிக்கும் ஒரு கடிதம். என் இடத்தை அடுத்த வருஷத்துக்கு மாற்ற முடியுமா என்று.

“செப்டம்பர் போயிடும் கரீன்” என்றார் பப்பா.

“தெரியும்” என்றேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

இரண்டையும் நேற்று ஈமெயிலில் அனுப்பினேன். கோர்ட்டிலிருந்து பதில் இல்லை. பள்ளியிலிருந்து உடனே வந்துவிட்டது. இந்த வருஷ இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம், அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கலாமாம். மாதிரிப் படகு நன்றாக இருந்தது என்று கீழே ஒரு வரி. மரி-லோருக்கு வெள்ளிக்கிழமை வக்கீலோடு சந்திப்பு. பெரிதாக ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லிவிட்டால் அன்றைக்கே கூரியர். ஆபத்துதான் என்று சொல்லிவிட்டால்? அதைத்தான் நேற்றிலிருந்து யோசிக்கிறேன், யோசித்துக்கொண்டே வீட்டுக்கும் மூலக்குளம் பஸ் ஸ்டாப்புக்கும் நான்கு முறை நடந்துவிட்டேன். அம்மா அனுப்பு என்கிறாள், ஜொசி அத்தை அனுப்பு என்கிறார், பப்பா வாயே திறப்பதில்லை. அந்தத் தாளில் இருப்பது முழுக்க உண்மை, அது என்னுடையது, அதை நான் மறைத்தால் பப்பா செய்ததையே நானும் செய்கிறேன். அனுப்பினால் மரி-லோர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? சொல்லுங்களேன், வக்கீல் ஆபத்து என்று சொன்னாலும் நான் அனுப்பத்தான் வேண்டுமா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?